தொண்ணூற்றேழாம் நாள் கற்பூரம்

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கட்டுங்களா தம்பி? பஸ்ஸுல காத்து இல்லைன்னா எனக்கு ஆகாது. ரொம்ப நன்றிங்க. உங்க பையை வேணா நான் மடியில வெச்சுக்கறேன். வேண்டாமா, சரி.

நான் யுனிவர்சிட்டி கேட்டு வரைக்குந்தான். பதினோரு மணிக்கு அங்க விசாரணை. ஆமாங்க, விசாரணைதான். அப்படிப் பாக்காதீங்க, நான் திருடன் கிடையாது. எம் பேரு மாரப்பன். காலேஜுல கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். இருபத்தேழு வருச சர்வீசு, ஒரு மெமோ வாங்கினதில்லை. வர்ற ஜனவரி முப்பத்தொண்ணோட ரிட்டயர்டு. இன்னும் மூணே மாசம். மாலை போட்டு, போட்டோ எடுத்து, காரு வெச்சு ஊட்டுல கொண்டாந்து விடப்போறாங்க. அந்த நேரம் பாத்து என்னையச் சாட்சின்னு கூப்பிட்டிருக்காங்க. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். "அன்னிக்கு அந்த ரூமுக்கு நீ நெருப்புக் கொண்டு போனியா?" அவ்வளவுதான்.

எப்படிங்க பதில் சொல்றது? இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. நீங்க மூணாம் மனுசன். எங்க காலேஜுல கேட்டா ஆளுக்கொரு பக்கமாப் பேசறாங்க.

இந்துமதின்னு ஒரு புள்ள. எங்க லேப்ல அஞ்சு வருசமா ஆராய்ச்சி பண்ணுது. டாக்டர் பட்டத்துக்கு. ஊசி போடற டாக்டர் இல்லைங்க, மத்தது. அதோட அப்பா லாரிக்கு பாடி கட்டற பட்டறையில வெல்டர். நல்ல குடும்பம். புள்ளையும் நல்ல புள்ளைதான். நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். "அண்ணே, அண்ணே"ன்னுதான் கூப்பிடும். மத்த புள்ளைங்க எல்லாம் "மாரப்பன், இங்க வாங்க"ன்னு பேரச் சொல்லித்தான் கூப்பிடுதுங்க, அறுபது வயசு ஆளை. இது ஒருநாளும் சொன்னதில்லை. ஆனா கோவம் இருக்குது பாருங்க, அது பொல்லாத கோவம். அந்தக் கோவத்துலதான் எல்லாம் போச்சு.

அதோட ஆராய்ச்சி என்னன்னா, நம்ம பக்கம் சேகோ ஆலை இருக்குதுல்லங்க, மரவள்ளிக் கிழங்க அரைச்சு ஜவ்வரிசி பண்றாங்களே. அந்தக் கழிவுத் தண்ணி நாறுமே, பஸ்ல போனாலே மூக்கப் புடிப்போமே, அதேதான். அந்தத் தண்ணியில மாவு இருக்குது. மாவ ஒடைச்சா சர்க்கரை. அந்தச் சர்க்கரைத் தண்ணிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஓட விடுது. கண்ணாடி மேல துருக் கலர்ல ஒரு பூச்சு. துருக் கலர் என்ன, துருவேதான். இரும்புத் துருவ முடியை விட மெல்லிசாப் பூசியிருக்கும். வெயில் பட்டுச்சுன்னா அந்தத் துரு வேலை செய்யும். இந்தப் பக்கம் சர்க்கரை வேற ஒரு அமிலமா மாறிடும். அதுக்குத் தனியா கிராக்கி, மருந்துக் கம்பெனிக்காரன் வாங்குவானாம். அந்தப் பக்கம் பொட்டுப் பொட்டாக் குமிழி வரும். அதான் ஹைட்ரஜன். நாளைக்கு பஸ்ஸு, லாரி எல்லாம் அதுலதான் ஓடுமாம். வெறுந் தண்ணியப் பிரிக்கோணும்னா ரொம்ப சக்தி வேணும், சர்க்கரை கலந்திருந்தா கொஞ்சத்துலயே பிரிஞ்சிரும்னு அந்தப் புள்ள எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கு. பாருங்க, நான் எட்டாவதுதான். ஆனா இத நல்லாச் சொல்லுவேன்.

ஏன் தெரியுமுங்களா? ரெண்டு வருசமா அந்தச் சேகோத் தண்ணிய ஆலையில இருந்து கேன்ல புடிச்சு, டிவிஎஸ் வண்டியில கட்டி, கொண்டாந்து ஊத்தினது யாரு? நாந்தான். யாரும் சொல்லி இல்லை. அது ஸ்கூட்டியில ஒருநாள் கேனோட கீழ உழுந்து முழங்கால் பேந்து வந்துச்சு. "குடு புள்ள, நான் கொண்டாறேன்"னேன். அன்னையில இருந்து என் வேலை. எம் பொண்டாட்டி என் சட்டையத் தனியாத் துவைக்கும், அத்தனை நாத்தம். அப்ப அந்த மெசின்ல பாதி என்னோடதுதானுங்களே? நான் அத அப்படித்தான் நெனச்சேன்.

லேப்ல சின்னதா, உள்ளங்கையளவுல அது ஓடிருச்சு. அப்புறம் மாடியில பெருசாப் போட்டாங்க. இருபது கண்ணாடி. ஒவ்வொண்ணும் ஒரு சாணுக்கு ஒரு சாண். எல்லாஞ் சேத்துப் பேனல்னு சொல்லுவாங்க, கயித்துக் கட்டில் மாதிரி, தெக்குப் பாத்துச் சாஞ்சு நிக்கும். இரும்புச் சட்டம் அவங்கப்பா ஞாயித்துக்கிழமை வந்து வெல்டு அடிச்சுக் குடுத்தது. பக்கத்துல ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ரூம். குழாய் வழியா வாயு அந்த ரூமுக்குப் போயி, அங்க ஒரு பெரிய பையில சேரும். தினம் சாயங்காலம் அளந்து எழுதிட்டு, பையைத் தொறந்து வெளிய விட்டுரும்.

நூறு நாள் ஓடோணும். அதான் கணக்கு. நூறு நாள் அந்தக் கண்ணாடிய மாத்தாம, கழட்டாம ஓட்டிக் காட்டினாத்தான் யுனிவர்சிட்டியில ஒத்துக்குவாங்க. ரெண்டு தடவை முப்பது நாள், நாப்பது நாள்லயே பூச்சு உரிஞ்சு போச்சு. இது மூணாவது. இதுக்கு மேல அதுக்கு டைம் இல்லை. டிசம்பரோட பதிவு முடியுது. முடிஞ்சா அஞ்சு வருசமும் வீண், பட்டம் கிடையாது, ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். மாடிப்படிச் செவுத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டே வரும். எண்பது, எண்பத்தஞ்சு, தொண்ணூறு. எனக்கும் தூக்கமில்லை தம்பி. மழை வந்தா நான் மாடிக்கு ஓடுவேன். குரங்கு வந்துருச்சுன்னா நான்தான் தடியெடுத்துட்டு ஓடுவேன்.

தொண்ணூத்தேழாவது நாள் வந்துச்சு ஆயுத பூஜை. பூஜையன்னிக்கு லீவுங்கறதால மொத நாளே காலேஜுல கும்பிட்டிருவோம்.

இப்ப எங்க லேப்ல ஆயுத பூஜைன்னா அது என் டிபார்ட்மெண்ட்டு. இருபத்தேழு வருசமா. தராசுல இருந்து, அடுப்புல இருந்து, பிரிட்ஜுல இருந்து, கம்ப்யூட்டர் வரைக்கும் எல்லாத்தையும் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூ வெச்சு, பொரிகடலை வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் கற்பூரம் காட்டுவேன். ஒவ்வொண்ணுக்கும். மொத்தமா ஒரே தடவை சுத்திட்டுப் போற ஆளு நான் கிடையாது. ஒரு வருசம் அவசரத்துல சூடு பண்ற அடுப்பு ஒண்ண விட்டுட்டேன். தை மாசம் அது புகைஞ்சு போச்சு. தற்செயல்னு சொல்லுவீங்க. சொல்லுங்க. எனக்குத் தெரியும்.

மத்தியானம் இந்துமதி எங்கிட்ட வந்துச்சு. "அண்ணே, இந்த வருசம் மாடிக்கு மட்டும் பூஜை வேண்டாண்ணே. மூணு நாள்தான் பாக்கி. முடிஞ்சதும் நானே தேங்கா வாங்கிட்டு வரேன், நீங்களே கும்பிடுங்க"ன்னுச்சு. சரின்னேன். வாய் சரின்னுச்சு. மனசு கேக்கலை. எல்லாத்துக்கும் வெச்சு, உசுரா நெனைக்கிற ஒண்ணுக்கு வெக்காம விட்டா அது எப்படிங்க? அதுவும் மூணு நாள் இருக்கறப்ப? அந்தப் புள்ளைக்கு நல்லது நடக்கோணும்னு எனக்கு இருக்காதா?

மூணரை மணி இருக்கும். அது மாடியில இருந்து வேகமா எறங்கி வந்துச்சு. "அண்ணே, பை வாய்ப்பக்கம் லேசாக் கசியற மாதிரி இருக்கு. வெள்ளிக்கெழமை அளக்கற மீட்டரு ரிப்பேருக்குப் போனதுல இருந்து பையத் தொறக்கவே இல்லை, ஃபுல்லா இருக்குது. கதவு ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சிருக்கேன். கிளிப் எடுத்துட்டு வந்தர்றேன், யாரையும் மேல விடாதீங்க"ன்னு சொல்லிப்போட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடுச்சு.

யாரையும் விடாதீங்கன்னுச்சு. என்னையப் போகாதேன்னு சொல்லலை. பாருங்க, அத நீங்க கவனிக்கோணும்.

நான் தட்டை எடுத்துட்டு மாடிக்குப் போனேன். அது திரும்பி வர்றதுக்குள்ள ஒரே நிமிசத்துல முடிச்சிரலாம்னு. பேனலத் தொடவே இல்லை தம்பி, சத்தியமா. கண்ணாடி மேல பொட்டு வெச்சா வெயில் மறைக்கும்னு எனக்குத் தெரியாதா? இரும்புச் சட்டத்துக்கு மட்டும் நாலு மூலையிலயும் வெச்சேன். அப்புறம் ரூமுக்குள்ள போனேன். பைக்கு, குழாய்க்கு, மேசைக்கு எல்லாம் சந்தனம் வெச்சேன். அன்னிக்குப் பாத்து அப்படி ஒரு காத்து, குங்குமம் பறக்குது. ஜன்னல் ரெண்டையும் சாத்தினேன். கற்பூரத்த வெளிய பொருத்தி, மணியடிச்சு உள்ள கொண்டு போறதுதான் என் வழக்கம், அதனால வெளிய வந்து, உள்ள காத்துப் போகாமக் கதவையும் சாத்திட்டு, தண்ணித் தொட்டி மறைவுல நின்னு பொருத்தினேன். ஆறேழு குச்சி கிழிச்சேன். கடேசிக் குச்சியிலதான் புடிச்சுது.

ரூமுல ஒரு வாசனையும் இல்லீங்க. ஊட்டுல கேஸ் கசிஞ்சா தெரு முனை வரைக்கும் நாறுது. இதுல ஒண்ணுமே இல்லை. சந்தன வாசனைதான் இருந்துச்சு.

கதவுல போர்டு இருந்துச்சு, ஆமா. சிவப்பு எழுத்துல, தமிழ்லயே எழுதி ஒட்டியிருந்துச்சு. "நெருப்புக் கொண்டு வரக்கூடாது"ன்னு. எனக்காகத்தான் தமிழ்ல எழுதினேன்னு அந்தப் புள்ளையே சொல்லியிருக்கு. அதத் தினம் படிக்கறேன். நெருப்புன்னா பீடி சிகரெட்டு, தீப்பெட்டி, அடுப்பு. எவனாவது மாடியில வந்து தம் அடிச்சான்னா நானே தொரத்தி விட்டிருக்கேன். கற்பூரம் எப்படிங்க நெருப்பாகும்? அது சாமி. இருபத்தேழு வருசத்துல ஸ்பிரிட் பாட்டிலுக்குப் பக்கத்துல காட்டியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லை. கண்ணுல ஒத்திக்கறோம் அத. நெருப்பக் கண்ணுல ஒத்திக்குவாங்களா?

இடது கையில மணி, வலது கையில தட்டு. மணியடிச்சுக்கிட்டே கதவுகிட்டப் போறேன். கதவ முழங்கையால தள்றேன். ஒரு சாண் தொறந்திருக்கும். அப்பக் கேட்டுச்சு சத்தம்.

"அண்ணே! உள்ள போகாதீங்க! அணைங்க! அணைங்க அத!"

படிக்கட்டு வாசல்ல நிக்குது. அதுக்கும் எனக்கும் நடுவுல அந்தப் பேனல். நான் நின்னேன். நின்னேனே தவிர, அணைக்கலை. பொய் சொல்லமாட்டேன். கற்பூரத்த வாயால ஊதி அணைப்பாங்களா? எங்கம்மா எனக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கலை. தானா அணையோணும். "இரு புள்ள, முடிஞ்சிருச்சு"ன்னேன்.

தம்பி, இப்பச் சொல்றதக் கேளுங்க. வலது பக்கமா தண்ணித் தொட்டியச் சுத்தி வந்தா நல்ல வழி இருக்குது. இருபது எட்டு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அது அப்படித்தான் வரும். அன்னிக்கு அது சுத்தி வரலை. நேரா வந்துச்சு. பேனல் மேல கால வெச்சு, மிதிச்சுக்கிட்டு, ஓடி வந்துச்சு. கண்ணாடி நொறுங்கற சத்தம் இருக்குதே, எனக்கு இப்பவும் காதுக்குள்ள இருக்குது. படபடபடன்னு. சர்க்கரைத் தண்ணி கொட்டி ஓடுது. தொண்ணூத்தேழு நாளு. அஞ்சு வருசம். அத்தனையும் அதே புள்ள, தங் காலாலயே.

வந்து என்ன பண்ணுச்சு தெரியுமா? எரியற கற்பூரத்த அப்படியே உள்ளங்கையில அமுக்கிப் புடிச்சுக்கிச்சு. சாமி கற்பூரத்தங்க! ஆயுத பூஜைக்கு! தட்டு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், பொரி மாடியெல்லாம் எறைஞ்சு கெடக்கு. என் நெஞ்சுல கைய வெச்சு அப்படியே பின்னாடி தள்ளுச்சு, தொட்டி வரைக்கும். நான் பெத்த மகள் என்னையத் தள்ளினதில்லை. கீழ இருந்து நாலு பேரு வந்து பாக்கறாங்க. அட்டெண்டர ஒரு பொட்டப்புள்ள புடிச்சுத் தள்றத எல்லாரும் பாத்தாங்க.

அதுக்கப்புறம் அது கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி. மூச்சு வாங்குது, கையில தோலு பொசுங்கிக் கெடக்குது, செருப்புக்குள்ள ரத்தம். "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னுச்சு. எனக்கு என்னங்க ஆகும்? நான் சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். மெசின ஒடைச்சது அது. கையச் சுட்டுக்கிட்டது அது. என்னையக் கேக்குது.

என்ன தம்பி, வண்டி நின்னுருச்சா? ஓ, ரயில்வே கேட்டு. மணி என்னங்க? பத்து இருபது. கேட்டு தொறக்க எப்படியும் கால் மணி ஆகும். லேட்டாயிருச்சுன்னா நான் என்ன பண்றது, ரயில நானா ஓட்டறேன்? லேட்டாயிருச்சுன்னா கேக்காமயே முடிச்சிருவாங்க. அதுவும் ஒரு வகையில நல்லதுதான்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு மொடக்கு. போதும் போதும்.

அன்னிக்கே பிரின்சிபால் கூப்பிட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அந்தப் புள்ள சொல்லிருச்சு, "நான்தான் சார் கால் வழுக்கி பேனல் மேல விழுந்துட்டேன், என் கவனக்குறைவு"ன்னு. கை என்னாச்சுன்னு கேட்டாரு. "கீழ லேப்ல சூடான பாத்திரத்தத் தொட்டுட்டேன் சார்." எழுதியும் குடுத்துருச்சு. நான் ஒரு வார்த்தை பேசலை. பொய் சொல்லலை தம்பி, பேசலை, அவ்வளவுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல? அந்த லெட்டரோட காப்பிய ஆபீஸ்ல கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். இதா, பாக்கெட்டுலயே இருக்குது. அதோட கையெழுத்து. இடது கையால போட்டது, கோணலா இருக்கும். யாராவது "மாரப்பன், உன்னாலதானாமே"ன்னு கேட்டா இத எடுத்து நீட்டிருவேன். அதுவே ஒத்துக்கிச்சுங்க. தன் கோவத்துக்குத் தானே வெக்கப்பட்டு எழுதிக் குடுத்திருக்கு. வேற எதுக்கு எழுதும்?

இப்ப அது ஆறு மாசம் டைம் கேட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதியிருக்குது. அவங்க சொல்றாங்க, உன் கவனக்குறைவால ஒடைஞ்சா டைம் தர முடியாது, சட்டத்துல இடமில்லை, உன் கைய மீறி நடந்திருந்தாத் தரலாம்னு. அதோட கைடு ரங்கராஜ் சார் சும்மா இல்லாம, அட்டெண்டரும் அன்னிக்கு மாடியில இருந்தான், நெருப்புக் கொண்டு போனானான்னு அவனையும் கேளுங்கன்னு எழுதிப்போட்டாரு. அதான் எனக்கு ஓலை.

சொன்னா என்ன ஆகும்? நான் நெருப்புக் கொண்டு போனேன்னு சொன்னா அன்னைக்கே சஸ்பெண்டு. சஸ்பெண்டுல இருந்தா ரிட்டயர்டே ஆக விடமாட்டாங்க. வருசக் கணக்கா இழுக்கும். பென்சன் நிக்கும். எங்கூட வேலை பார்த்த ஆறுமுகம்னு ஒருத்தரு, விசாரணை முடியறதுக்குள்ள செத்தே போனாரு. சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது. மாலை, போட்டோ, காரு.

நேத்து அது போன் பண்ணுச்சு. "அண்ணே, நாளைக்கு நீங்க வராதீங்க. உடம்புக்கு முடியலைன்னு ஒரு லீவு லெட்டர் குடுத்துருங்க. நான் பாத்துக்கறேன்"ன்னுச்சு. எனக்கு அப்பவே சந்தேகம். நான் வந்தா அது என்னையத் தள்ளினது, கத்தினது எல்லாம் வெளிய வந்துரும்னு பயம் போலிருக்கு. "நான் பாத்துக்கறேன்"னா என்ன அர்த்தம்? என்னையப் பாத்துக்க இது யாரு?

இன்னும் ஒண்ணு இருக்குதுங்க.

ரங்கராஜ் சார் ஒருநாள் தனியாக் கூப்பிட்டு, "மாரப்பா, இன்னும் ஒரு எட்டு வெச்சிருந்தா உன்னைய அள்ளிக்கூட எடுத்திருக்க முடியாது"ன்னாரு. சார் எதையும் பெருசாச் சொல்ற ஆளுன்னு விட்டுட்டேன். விட்டேனே தவிர, அது போகலை. போன வாரம் லேப்ல யாருமில்லாத நேரமாப் பாத்து, அந்தச் சின்ன மெசின் உள்ளங்கையளவுல இருக்குதுன்னேன் பாருங்க, அத வெயில்ல வெச்சேன். இருபத்தேழு வருசம் கூடவே நிக்கறவன், எனக்குத் தெரியாதா எப்படி மாட்டறதுன்னு. ஒரு பீங்கான் கிண்ணத்துல சோப்புத் தண்ணி வெச்சு, குழாய் முனைய அதுல விட்டேன். குழாய்ல இருந்த காத்தோட கலந்து குமிழி வந்துச்சு. எலுமிச்சங்காய் அளவு ஒண்ணு. ஒரு ஊதுபத்தியக் கொளுத்தி, கைய நல்லா நீட்டித் தொட்டேன்.

டப்புன்னு. அப்படி ஒரு சத்தம் தம்பி. பீங்கான் கிண்ணம் ரெண்டாப் போச்சு. ரொம்ப நேரம் காது கேக்கலை. எலுமிச்சங்காய்தான். அந்தப் பை எங்க ஊட்டு அரிசி மூட்டையளவு இருக்கும். ரூமுல வேற கசிஞ்சு கெடந்திருக்கு, ஜன்னலச் சாத்தினது நானு, கதவச் சாத்தினது நானு.

அன்னிக்கு ஊட்டுக்குப் போயி சாப்பிட முடியலை. பேரன் மடியில ஏறி உக்காந்து எதையோ கேக்கறான், அவன் வாய் அசையறதத்தான் பாக்கறேன்.

அப்பயும் ஒண்ணு சொல்றேன். அது என்னையத் திட்டியிருக்கலாமுல்ல? "யோவ் மாரப்பா, அறிவிருக்கா உனக்கு, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே"ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சண்டைன்னு ஆகியிருக்கும், மனசுல நிக்காது. ஒரு வார்த்தை கேக்கலை தம்பி, இன்னைக்கு வரைக்கும். கையில கட்டோட லேப்புக்கு வந்து, ஒடைஞ்ச கண்ணாடியெல்லாம் பொறுக்கி அட்டப் பெட்டியில போட்டு வெச்சுட்டு, "அண்ணே, டீ குடிச்சீங்களா"ன்னு கேக்குது. நான் என்னன்னு பதில் சொல்றது? குடிச்சேன்னேன். குடிக்கவே இல்லை.

எனக்கு அவமானமா இருக்குதுங்க. என்னையத் தள்ளினதுக்கு இல்லை.

கேட்டு தொறந்துட்டானா? அதுக்குள்ளயா? ரயிலு போனதே தெரியலையே. மணி? பத்து முப்பத்தஞ்சா. இன்னும் எத்தனை ஸ்டாப்பு? ரெண்டா?

பாருங்க தம்பி, எம் பொண்டாட்டி நேத்து ஒண்ணு சொன்னா. "பென்சன் நின்னா நிக்கட்டும், நான் தறிக்குப் போறேன்"னா. அவளுக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. தறிக்குப் போறாளாம். நான் அவளச் சத்தம் போட்டேன். வெவரம் கெட்டவளே, உனக்கு என்ன தெரியும்னு கத்தினேன். அவ இந்த வெள்ளைச் சட்டைய எடுத்துத் தேச்சு வெச்சா.

எனக்குப் பயமா இருக்குதுங்க. இந்த வயசுல மேசைக்கு முன்னாடி நின்னு, ஆமாங்கய்யா நாந்தான்னு சொல்றதுக்குப் பயமா இருக்குது. இருபத்தேழு வருசம் நல்லவன்னு பேரு எடுத்தேன். அந்த ஒரு வார்த்தையில போயிரும். நாளைக்கு லேப்புக்குள்ள காலு வெச்சா எல்லாரும் எப்படிப் பாப்பாங்க? சாமி கும்பிட்டதுக்கா இந்தத் தண்டனை? நான் கெட்டது நெனைக்கலை. நீங்க சொல்லுங்க, நான் கெட்டது நெனச்சேனா?

பேசாம நேராப் போயி பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிரட்டுமா? அங்கிருந்து திரும்பற பஸ்ஸு அடிக்கடி இருக்குது. மத்தியானத்துக்குள்ள ஊட்டுக்குப் போயிருவேன். வயித்துவலின்னு சொல்லிக்கலாம். அந்தப் புள்ளையும் அதத்தானே சொல்லுச்சு, வராதீங்கன்னு? நான் பாத்துக்கறேன்னு சொல்லுச்சே? அது படிச்ச புள்ள. ஏதாவது வழி பண்ணிக்கும்.

என்ன, கண்டக்டரு கத்தறாரு? யுனிவர்சிட்டி கேட்டா? வந்துருச்சா?

ஏன் தம்பி எந்திரிச்சிட்டீங்க? உங்க ஸ்டாப்பும் இதுதானா? இல்லையா? அப்புறம் எதுக்கு எந்திரிச்சீங்க? உக்காருங்க. ஓ. எனக்கு வழி விடறீங்களா. நான் எறங்கறேன்னு இன்னும் சொல்லவே இல்லையே. உக்காருங்க தம்பி, எல்லாரும் பாக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசாம இப்படி நின்னுக்கிட்டா நான் என்ன பண்றது?

அய்யோ, அங்க பாருங்க. அந்த ஆலமரத்துக்கிட்ட, நீலச் சுடிதார். அதுதாங்க. அதுதான் இந்துமதி. வெயில்ல நிக்குது. என்னையப் பாத்துருச்சு. இந்த வெள்ளைச் சட்டைய வேற போட்டுக்கிட்டு வந்தேன், தூரத்துல இருந்தே தெரியுமே. கைய ஆட்டுது பாருங்க. கட்டுப் போட்ட கை. கூப்பிடலைங்க, போகச் சொல்லுது. எறங்காதீங்க, அப்படியே போயிருங்கன்னு சொல்லுது. தலைய வேற ஆட்டுது, வேண்டாண்ணே வேண்டாண்ணேன்னு.

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, ஆளு இருக்குது. எறங்கறேன். இருங்கய்யா, எறங்கறேன்.

அது சொல்லி நான் எப்பங்க கேட்டிருக்கேன்?